கேட் போட்டாச்சு

மணி பத்து நாற்பது. கொருக்குப்பேட்டையில்
கேட் போட்டாச்சு.
முன்னால் மீன்பாடி வண்டி, அதன்மேல் கயிறு கட்டிய காலி தண்ணி கேன்கள்.
பின்னால் ஹாரனிலிருந்து கையே எடுக்காத ஓர் ஆட்டோ.
கைப்பைக்குள் துடிக்கிற போன்.

"டெல்பின், யார்டு படுத்துடுச்சு" என்கிறான்
மணலியிலிருந்து சுல்தான்.
வாசலில் பதினேழு டிரைலர்.
ஸ்லிப் அடிக்க மாட்டேன் என்கிறது மெஷின்.
டிரைவர்கள் அவன் கண்ணாடி அறையைத் தட்டுவது எனக்கே கேட்கிறது.
டேஷ்போர்டைத் திறந்து வைத்துக் குந்தியிருக்கிறானாம்.
நீலச் சக்கரம் சுற்றுகிறதாம்.
தயவுசெய்து காத்திருக்கவும்.

அந்தத் திரை எனக்கும் தெரியும்.
போன வருஷம் லட்சக்கணக்கில் கொட்டி வாங்கினார்கள்.
பச்சை வட்டம், மஞ்சள் வட்டம்,
முதலாளி வந்தால் காட்டுவதற்கென்றே ஒரு வரைபடம்.
ஆபீஸ் தமிழில்தான் பேசும்:
தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.

நான் திறப்பது வேறு வாசல்.
கறுப்பு. படம் கிடையாது, பட்டன் கிடையாது.
மூலையில் ஒரு கோடு மட்டும் விட்டுவிட்டு மினுக்கும்,
எங்க ஏரியா ஆள்
முகவாயை லேசாய்த் தூக்கிக் கேட்பதுபோல:
இன்னா?

ஒரு புள்ளி சிக்னல் போதும் அதற்கு.
கட்டைவிரலால் தட்டுகிறேன்
டி, எஃப், இடம், ஹைபன், ஹெச்.
சரக்கு ரயில் வந்துவிட்டது. எண்ணெய் டேங்கர்கள்.
பதிலும் அப்படித்தான் வருகிறது,
ஒரு வரி, அதன் வாலில் இன்னொரு வரி,
ஆறாவதில்
நூறு சதவீதம்.
வட்டில் இடமே இல்லை.
யாரும் அள்ளாத லாக் கோப்புகள் மலையாய்.
கொடுங்கையூர் பக்கம் போயிருந்தால் புரியும்.

அழிக்கச் சொல்லி எழுதுகிறேன்.
எழுதிவிட்டு
எண்டரைத் தொடாமல் நிற்கிறேன்.

இதே விரல்தான்.
மூன்று வருஷம் முன்னால், ஒரு சனிக்கிழமை,
சாய்கோட்டுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே
ஓர் இடம் விட்டுவிட்டது. அவ்வளவுதான்.
வேலை கொடு என்றால் உத்தியோகம்,
நடுவில் ஒரு க் நுழைந்தால் ஆயுதம் என்று
எட்டாவதில் படித்திருந்தும்.
நிச்சயமா என்று அது கேட்கவில்லை.
கம்முனு இருந்தது.
அது கம்முனு இருந்தால்
சொன்னதைச் செய்து முடித்துவிட்டது என்று அர்த்தம்.

ஆயிரத்து இருநூறு கண்டெய்னர்
எது எங்கே என்று அதன்பிறகு யாருக்கும் தெரியாது.
ராத்திரி முழுக்க டார்ச் அடித்து
கதவு கதவாய் சுல்தான் நம்பர் படித்தான், நான் எழுதினேன்.
கொசு. மேலே ரிஃபைனரி நெருப்பு.
விடியும்போது அவனுக்குக் குரல் இல்லை.
அதற்குப் பிறகுதான் மவுஸைப் பிடித்தான்,
எதையும் அழிக்கும் முன்
சிவப்பில் ஒரு பெட்டி வந்து கேட்க வேண்டும் அவனுக்கு.
பயந்தாங்கொள்ளி என்றேன்.
நான், அவனைப் பார்த்து.

"சுல்தான், லைன்ல இரு. படிக்கிறேன், கேளு."
ஆர். எம். இடம். ஹைபன். ஆர். எஃப்.
பின்னால் ஆட்டோ ஹாரனை நிறுத்திவிட்டது.
எனக்கென்னவோ ஜெபமாலை சொல்வதுபோல் இருக்கிறது.
"நட்சத்திரத்துக்கு முன்னாடி இடம் இருக்கா?"
இல்லை.
"நிச்சயமா?"
டேங்கர்கள் தடதடக்கின்றன.
"டெல்பின், நிச்சயமா?"
நிச்சயம்.

அழுத்தினேன். கறுப்பு ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு ரீஸ்டார்ட். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.
கடைசி வேகன் தன் சிவப்பு விளக்கோடு போகிறது,
கேட் எழும்புகிறது, எல்லோரும் ஒரே சமயத்தில் உதைக்கிறார்கள்,
அந்த இரைச்சலுக்குள் போன் வழியாக
முதல் ஸ்லிப் கிழிபடும் சத்தம்.

அவன் திரையில்
சக்கரம் இன்னும் சுற்றுகிறதாம்.